பாலாமணி அம்மாள்: ரயிலையே வரவைத்த நடிகை, வறுமையில் இறந்தது ஏன்?

ஒரு நடிகையின் நாடகத்துக்கு ரசிகர்களை ஏற்றிவர தனி ரயில். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் பாலாமணி ஸ்பெஷல்.

இது படத்துக்காக யாரோ எழுதிய கதை இல்லை. நூறு வருஷத்துக்கும் முன்னால், தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் நடந்தது. மாயவரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் ராத்திரி நேரத்தில் கிளம்பிய இந்த ரயில்களில் வந்தவர்களுக்கு ஒரே ஒரு நோக்கம்தான். பாலாமணி அம்மாள் நடிப்பதைப் பார்க்கணும்.

எம்.கே. தியாகராஜ பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் பெயர்களை உங்க தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. பாலாமணி பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. அவர் புகழோடு வாழ்ந்த காலம் ஒலிப்பதிவும் சினிமாவும் பரவுவதற்கு முந்தியது. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

1935-ல் மதுரையில் அவர் இறந்தபோது, ஈமச்சடங்குக்குக்கூட மற்றவர்கள் பணம் திரட்ட வேண்டியிருந்தது. ரயிலையே வரவைத்த ஒருவருக்கு இந்த நிலைமை எப்படி வந்தது? பினாங்கில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சரி, யார் இந்த பாலாமணி?

பாலாமணி அம்மாள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ் நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். அவர் நடிகை மட்டும் இல்லை, கம்பெனி முதலாளியும் அவரேதான். சகோதரி ராஜாம்பாளும் அவருடன் மேடை ஏறியவர்.

இந்தச் சகோதரிகளின் கம்பெனியில் இருந்த எல்லோருமே பெண்கள். சுமார் 70 பேர் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கதாநாயகி வேஷம் மட்டும் இல்லை, ராஜா, மந்திரி என்று ஆண் வேஷங்களையும் பெண்களே போட்டார்கள்.

அவர்களில் பலர் தேவதாசி மரபில் பிறந்து, ஆதரவு இல்லாமல் தவித்த பெண்கள். பாலாமணியும் அதே மரபில் வந்தவர்தான்.

தேவதாசிகள் என்றால் யார்னு சுருக்கமாகச் சொல்லிடலாம். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்கள். பாட்டும் நடனமும் அவர்களுடைய தொழில். அந்தக் காலத்தில் மற்ற வீட்டுப் பெண்களுக்குக் கிடைக்காத எழுத்தறிவும் இசைப் பயிற்சியும் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையும் இவர்களில் பலருக்கு இருந்தன. அதே நேரம், பணக்காரர்களையும் ஜமீன்தார்களையும் நம்பி வாழ வேண்டிய கட்டாயமும் இருந்தது. அரசர்களும் ஜமீன்களும் நொடித்துப் போனபோது, கோயிலில் கிடைத்த வருமானமும் குறைந்தது. அப்போது இந்தப் பெண்கள் பிழைப்புக்கு எங்கே போவார்கள்?

பாலாமணி கொடுத்த பதில், நாடகக் கம்பெனி. டிக்கெட் வாங்கி வருகிற ஆயிரம் பேரை நம்பினால், ஒரே ஒரு புரவலரின் தயவை நம்பி நிற்க வேண்டாம்.

அப்போது பெண்கள் மேடையில் நடிக்கவில்லையா?

பெரும்பாலும் இல்லை. 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் படித்த பெரிய மனிதர்களும் நடித்த சபை அது. அங்கே பெண் வேஷம் போட்டது ஆண்கள்தான். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அது சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனி. வள்ளியாகவும் சீதையாகவும் வந்தவர்கள் குரல் உடையாத பையன்கள்.

தமிழ் நாடக வரலாறு என்று பாடப் புத்தகத்தில் நீங்க படிக்கிறது பெரும்பாலும் இந்த இரண்டு பேரைப் பற்றித்தான். இருவரும் பெரிய சாதனையாளர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சுவாமிகளின் பால சபைக்கு முன்னாலேயே, ஆண் வேஷத்தையும் பெண்களே போட்ட ஒரு கம்பெனி கும்பகோணத்தில் அரங்கம் நிறைய நடந்துகொண்டிருந்தது. அது பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக வந்தாலே பெரிய விஷயம்.

ராத்திரி ரயில் எதுக்கு?

அந்தக் கால நாடகம் இப்போ மாதிரி ரெண்டு மணி நேரத்தில் முடியாது. ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி விடியற்காலை வரைக்கும் போகும். வசனத்தைவிடப் பாட்டுதான் அதிகம். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் சபை விடாது, திரும்பப் பாடச் சொல்லும்.

கும்பகோணம் வழியாக ரயில் பாதை வந்தது 1870-களில். அதற்குப் பிறகுதான் பக்கத்து ஊர்க்காரர்கள் நாடகம் பார்த்துவிட்டு மறுநாள் வேலைக்குத் திரும்புவது சாத்தியமானது. மாயவரத்திலிருந்து கும்பகோணம், நம்ம பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பட்டாணி போகிற மாதிரி தூரம். திருச்சியிலிருந்து என்றால், ஏறக்குறைய தைப்பிங் வரைக்கும். ஒரு நாடகத்துக்காக ராத்திரியில் இவ்வளவு தூரம் போய், விடியறதுக்குள் திரும்பி வருகிற கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. அந்தக் கூட்டத்தை நம்பி ரயில்வே தனி வண்டி விட்டது என்றால், பாலாமணியின் பெயருக்கு இருந்த மதிப்பு என்ன என்று புரியும்.

அந்தக் கூட்டத்துக்கு ஈடாக மேடையையும் அவர் மாற்றினார். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நாடகம் நடந்த காலத்தில், காஸ் விளக்குகளை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். முகபாவம் கடைசி வரிசை வரைக்கும் தெரியணும் என்றால் வெளிச்சம் வேணுமே.

தாரா சசாங்கமும் அந்தக் காட்சியும்

பாலாமணியின் பெயரைக் கேட்டதும் அந்தக் காலத்து ஆட்களுக்கு நினைவு வந்த நாடகம் தாரா சசாங்கம். புராணக் கதைதான். தேவர்களின் குரு பிரகஸ்பதி, அவர் மனைவி தாரை. குருவிடம் படிக்க வந்த சந்திரன்மேல் தாரைக்குக் காதல் வருகிறது. சந்திரனுக்கு இன்னொரு பெயர்தான் சசாங்கன்.

தாரை சந்திரனுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு காட்சியில், உடலோடு ஒட்டிய உடையில் பாலாமணி மேடைக்கு வந்தார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆடையே இல்லாத மாதிரி தோன்றும். ஊர் முழுக்க இதே பேச்சு. திட்டியவர்களும் உண்டு, திட்டிவிட்டு ரயில் ஏறிப் போய்ப் பார்த்தவர்களும் உண்டு.

இன்று பாலாமணி பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த ஒரு காட்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய இன்னொரு நாடகம் அதைவிட யோசிக்க வைப்பது.

அதன் பெயர் டம்பாச்சாரி விலாசம். எழுதியவர் சைதாப்பேட்டை காசி விஸ்வநாத முதலியார். புராணத்தை விட்டு, சமகால வாழ்க்கையைப் பேசிய ஆரம்பகாலத் தமிழ் நாடகங்களில் ஒன்று. ஒரு பணக்கார இளைஞன் தாசிகளின் பின்னால் சுற்றி, சொத்தையெல்லாம் தொலைக்கிறான் என்பதுதான் கதை.

அந்த நாடகத்தை தேவதாசி மரபில் பிறந்த பெண்களே மேடையேற்றினார்கள். தங்களைக் குற்றவாளியாகக் காட்டும் கதையில் தாங்களே நடித்து, அதில் வந்த பணத்தில் மானத்தோடு சாப்பிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் இதைக் கவனித்தார்களோ என்னவோ, மேடையில் நின்றவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இதே காலத்தில் லண்டனில் என்ன நடந்தது?

ஜார்ஜ்டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற மணிக்கூண்டைப் பார்த்திருப்பீங்க. 1897-ல் விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து 60 வருஷம் ஆனதை ஒட்டி, சியா சென் இயோக் என்ற செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. வருஷத்துக்கு ஒரு அடி என்று 60 அடி உயரம். அப்போது பினாங்கும் கும்பகோணமும் லண்டனும் அதே மகாராணியின் ஆட்சியில்தான் இருந்தன.

அந்த லண்டனில் 1838-ல் பிறந்தவர் லிடியா தாம்சன். பாட்டும் நடனமும் கேலியும் கலந்த பர்லெஸ்க் என்ற இசை நாடகத்தில் நட்சத்திரம். 1868-ல் ஒரு பெண்கள் குழுவோடு நியூயார்க் போனார். அவர்கள் போட்டது கிரேக்கப் புராணத்தைக் கிண்டல் செய்த இக்சியான் என்ற நாடகம். பெண்கள் ஆண் வேஷம் போட்டு, காலோடு ஒட்டிய உடையில் ஆடினார்கள். அரங்கம் நிரம்பியது, பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. குழுவை ரொம்பவும் கேவலமாக எழுதிய ஒரு சிகாகோ பத்திரிகை ஆசிரியரை 1870-ல் நடுத்தெருவில் சாட்டையால் அடித்து, அதுக்கு அபராதமும் கட்டினார் லிடியா.

இருவர் வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமா இருக்கும். புராணக் கதை, பெண்கள் குழு, ஆண் வேஷம், ஒட்டிய உடை, வசவு, கூட்டம் என்று எல்லாமே ஒன்றுதான். ஒருவரை மற்றவர் பார்த்ததில்லை. ஆனால் சம்பாதிக்கிற பெண் கலைஞரை இரண்டு ஊரும் ஒரே மாதிரிதான் நடத்தின. டிக்கெட் வாங்கி ரசிக்கும், வீட்டுக்கு வந்து ஒழுக்கம் பேசும்.

வித்தியாசம் முதுமையில் வந்தது. லிடியாவுக்கு வயதானபோது, 1899-ல் லண்டனின் லைசியம் அரங்கில் சக கலைஞர்கள் அவருக்காக ஒரு பெரிய உதவி நிகழ்ச்சி நடத்தினார்கள். வசூல் அவருக்கே போனது. 1908-ல் இறந்தார். அவர் மகள் செஃபி டில்பரியும் நடிகையானார். 1940-ல் ஹாலிவுட்டில் வந்த தி கிரேப்ஸ் ஆஃப் ராத் படத்தில் பாட்டியாக நடித்தது அவர்தான். அம்மாவின் தொழில் மகளுக்கும் அரங்கத்திலிருந்து திரைக்கும் தொடர்ந்தது.

பாலாமணிக்கு அப்படி எதுவும் அமையவில்லை.

பணமெல்லாம் எங்கே போனது?

புகழின் உச்சியில் பாலாமணி ராணி மாதிரி வாழ்ந்தவர். பெரிய வீடு, தோட்டம், வேலையாட்கள், குதிரை வண்டி என்று அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிய கதைகள் நிறைய. கோயில்களுக்கும் தர்மத்துக்கும் அள்ளிக் கொடுத்தவர் என்றும் சொல்லப்படுகிறது. ஆடம்பரம்தான் அவரை அழித்தது என்று சுலபமா முடிச்சிடலாம். ஆனால் அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று பார்த்தால் வேற கதை தெரியும்.

முதலில், நாடகக் கம்பெனி என்பது ஒரு பெரிய குடும்பம் மாதிரி. நடிகர்கள் எல்லோரும் ஒரே கம்பெனி வீட்டில் தங்குவார்கள், அங்கேயே சாப்பாடு. நாடகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அடுப்பு எரியணும். சுமார் 70 பேருக்கு மூன்று வேளை சோறு போடுகிற முதலாளிக்கு, மழைக்காலத்தில் நாலு வாரம் வசூல் இல்லை என்றால் என்ன ஆகும்?

இரண்டாவது, முதலீடு. திரைச்சீலை, படுதா, ஜோடனை, நகை, உடை, விளக்கு எல்லாம் கம்பெனி சொத்து. புதுசு புதுசாகக் காட்டாவிட்டால் கூட்டம் வராது. காட்டினால் கடன் ஏறும்.

மூன்றாவது, நடிப்புக்கு உரிமைத் தொகை என்ற ஒன்றே கிடையாது. இன்று பாடகரின் பாட்டு எங்கே ஒலித்தாலும் ராயல்டி கேட்கலாம். பாலாமணியின் பாட்டு அந்த ராத்திரியோடு காற்றில் போய்விட்டது. உடம்பு தளர்ந்தால் வருமானம் நின்றுவிடும்.

நான்காவது, தொழிலே மாறியது. நிரந்தரக் கம்பெனிகளுக்குப் பதிலாக, பேர் பெற்ற நடிகர்களை ஒரு ராத்திரிக்கு மட்டும் கூலி பேசிச் சேர்க்கும் ஸ்பெஷல் நாடகம் பெருகியது. அதற்குப் பின்னால் சினிமா வந்தது. 1931-ல் வெளியான காளிதாஸ், தமிழ் பேசிய முதல் படம். அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர்.

ஐந்தாவது, சமூகம் தேவதாசிகளைப் பார்த்த விதமும் மாறிக்கொண்டிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் கடைசியில் சென்னை சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் போராடினார். பாலாமணி ஸ்பெஷல் கிளம்பிய அதே மாயவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மூவலூர். அங்கிருந்து எழுந்த ராமாமிர்தம் அம்மையார் தாசி முறையை ஒழிக்க ஊர் ஊராகப் போனார். அவரும் அந்த முறைக்குள் சிக்கி வெளியே வந்தவர்தான். 1947-ல் சட்டம் வந்தது.

அந்தப் போராட்டம் தேவையானது. சிறுமிகளை நேர்ந்துவிடும் வழக்கம் அதனால்தான் நின்றது. ஆனால் அந்த முறையிலிருந்து வெளியே வந்து கலையை வைத்துப் பிழைத்த பெண்களுக்கு மரியாதையான ஓர் இடத்தை யாரும் யோசித்து வைக்கவில்லை.

1935: ஒரே வருஷம், இரண்டு வாழ்க்கை

1935-ல் பக்த நந்தனார் என்ற படம் வெளியானது. அதில் நந்தனாராக, அதாவது ஆண் வேஷத்தில் நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவரும் நாடக மேடையில் வளர்ந்தவர்தான். அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை.

அதே 1935-ல்தான் மதுரையில் பாலாமணி அம்மாள் வறுமையில் இறந்தார். மேடை நடிகர் சி.எஸ். சாமண்ணா பணம் திரட்டி இறுதிச் சடங்கு நடக்க ஏற்பாடு செய்தார்.

ஆண் வேஷம் போட்ட ஒரு பெண்ணுக்கு லட்ச ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்த ரசிகர் கூட்டம் ஒரே நாளில் உருவாகவில்லை. பெண் பாடுவதைக் கேட்க டிக்கெட் வாங்கலாம், பெண் ஒரு கம்பெனியையே நடத்தலாம் என்று அந்தக் கூட்டத்தைப் பழக்கியவர்களில் முக்கியமானவர் பாலாமணி. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர்கள் வேறு.

பினாங்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பாலாமணியின் மேடைக்கும் பினாங்கு மேடைக்கும் ஒரு பொதுவான வேர் உண்டு. பம்பாயில் வளர்ந்த பார்சி நாடகம்தான் அது. வரைந்த படுதாக்கள், ஆர்மோனியம், பாட்டு, புராணமும் காதலும் கலந்த கதை, ஊர் ஊராகப் போகும் கம்பெனி. இந்தப் பாணி ரயிலில் தென்னிந்தியாவுக்கு வந்தது, கப்பலில் பினாங்குக்கு வந்தது.

1870-களில் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் ஆடின. மொழி புரியாவிட்டாலும் மக்கள் மயங்கினார்கள். பினாங்கைச் சேர்ந்த மாமாக் புஷி, ஊர் திரும்பிய ஒரு குழுவின் உடைகளையும் மேடைப் பொருள்களையும் வாங்கிக்கொண்டு, 1885-ல் புஷி இந்திரா பங்சாவான் என்ற குழுவைத் தொடங்கினார். மலாய் மொழியில் பாடி நடிக்கும் பங்சாவான் கலை இப்படித்தான் பினாங்கில் பிறந்தது.

இங்கேயும் பெண்கள் வந்தார்கள். பங்சாவானின் முதன்மை நடிகைக்கு ஸ்ரீ பங்குங் என்று பெயர், மேடையின் அழகு என்று சொல்லலாம். சுவரொட்டியில் அவள் பெயரைப் பார்த்துத்தான் கூட்டம் வரும். இங்கேயும் அதே இரட்டைப் பேச்சு, ரசிக்கும்போது ராணி, மற்ற நேரம் மட்டமான பார்வை. 1934-ல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட லைலா மஜ்னூன் பங்சாவான் கலைஞர்களைத் திரைக்குக் கொண்டுபோனது. சினிமா வளர வளர பங்சாவான் மெலிந்தது. திரைக்குப் போக முடிந்தவர்கள் பிழைத்தார்கள். போக முடியாதவர்களில் எத்தனை பேர் பெயர் இன்று உங்களுக்குத் தெரியும்?

இன்று ஏன் இதைத் தெரிஞ்சுக்கணும்?

உங்க நண்பர்களில் யாராவது திருமண விழாவில் பாடுகிறார்களா? தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிக்கிறார்களா? வீடியோ போட்டு நாலு காசு பார்க்கிறார்களா? கூட்டம் இருக்கும்வரை பணம் வரும், கூட்டம் வேறு பக்கம் திரும்பினால் நின்றுவிடும் என்ற நிலை அவர்களுக்கும் பொருந்தும்.

லிடியாவுக்கும் பாலாமணிக்கும் நடுவில் இருந்த தூரம் திறமையில் இல்லை. ஒருவருக்கு உயிரோடு இருக்கும்போது கலைஞர் சமூகம் கூடியது. இன்னொருவருக்குச் செத்த பிறகு ஒரே ஒரு சக நடிகர் வந்து நின்றார்.

மலேசியாவில் 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இன்று கலைத்துறையில் தனியாகச் சம்பாதிப்பவர்களுக்கும் பொருந்தும். சொக்சோவில் பதிந்து சந்தா கட்டினால், வேலையின்போது விபத்து நேர்ந்தால் உதவி கிடைக்கும். முதுமைக்கு அது போதாது, அதுக்குத் தனியாகச் சேமிக்கணும். ஆனால் பாலாமணிக்கு அந்த அளவுகூட இல்லை.

கும்பகோணம் பக்கம் போனால் மகாமகக் குளம் பார்ப்பீங்க, கோயில்கள் பார்ப்பீங்க. ரயில் நிலையத்தில் இறங்கும்போது, ஒரு காலத்தில் ராத்திரி வண்டி நிறைய ஆட்கள் அங்கே இறங்கி ஒரு பெண்ணின் பாட்டைக் கேட்க நடந்து போனார்கள் என்பதையும் நினைச்சுக்கோங்க. அந்தப் பெண்ணின் பெயர் பாலாமணி.